இரண்டு குழாயும் ஒரே சூடு

அந்த லாரி மூன்றாவது முறையாகத் திரும்பி வந்தபோது ஓட்டுநர் பக்கத்தில் பின்னால் பார்க்கிற கண்ணாடி இல்லை. அது இருந்த இடத்தில் வளைந்த கம்பி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை காலை, எட்டரை மணி இருக்கும். நான் என் பட்டறை வாசலில் ஒரு ரேடியேட்டரைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கி, எங்கிருந்து குமிழி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ரேடியேட்டர் ஒட்டுவது என் தொழில். எனக்கும் பக்கத்துக் கொட்டகைக்கும் நடுவே ஒரு தகரச் சுவர்தான். அங்கே யாராவது தும்மினால் இங்கே நான் மூக்கைத் துடைத்துக்கொள்வேன்.

லாரியிலிருந்து இறங்கியவரை நெட்டையர் என்போம். ஆறடிக்கு மேல் வளர்ந்தவர். கதவைத் திறந்தால் முதலில் முழங்கால்தான் வெளியே வரும். இருபத்திரண்டு வருஷத்து லாரி, சொந்த வண்டி. வியாழக்கிழமைதோறும் மலையைத் தாண்டி அந்தப் பக்கத்து ஊருக்கு மாவும் மருந்தும் ஏற்றிப் போவார். கணவாய் உச்சியில் எச்சில் துப்பினால் தரையில் விழுவதற்குள் கல்லாகிவிடும் என்பார். பாதியைத் தள்ளிவிட்டாலும் மீதி உண்மைதான். அந்தக் குளிரில் கேபினுக்குள் சூடான காற்று வரவில்லையென்றால் ஓட்டுகிறவரின் மூச்சே முன்கண்ணாடியில் புகையாகப் படியும். துடைத்த இடத்தில் மறுபடி படியும். அப்புறம் சாலை தெரியாது.

"அண்ணே, போன வாரம் தலைய வெளிய நீட்டிட்டு ஓட்டினேன்," என்றார் பக்கத்துக் கொட்டகை வாசலில் நின்றவரிடம். "ஒரு வளைவுல பாறை வந்து கண்ணாடிய எடுத்துக்கிச்சு. தலைய உள்ள இழுத்துட்டேன். நாளன்னைக்கு மறுபடியும் போகணும்."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள். அவருக்குக் கண்ணாடியோடு போயிருக்கிறது. அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அமைதியாகச் சாவியை நீட்டிவிட்டு, சாலையோரக் கல்லில் போய் உட்கார்ந்துகொண்டார்.

சாவியை வாங்கிக்கொண்டவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். காத்துக்காரர் என்றால் இந்தச் சாலையில் எல்லோருக்கும் தெரியும். லாரிக்குள் வருகிற காற்று சூடாக வேண்டுமா, குளிராக வேண்டுமா, காலுக்கு வேண்டுமா, கண்ணாடிக்கு வேண்டுமா, அந்த வேலை முழுக்க அவருடையது. முப்பத்தொரு வருஷமாகச் செய்கிறார். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. இளம் வயதில் உடைப்புக்கு வந்த லாரிகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவர். கொட்டகை அவர் மச்சினனுடையது, அதாவது மனைவியின் தம்பியுடையது. மச்சினன் வயரிங் பார்ப்பார், பேட்டரி பார்ப்பார். அத்தான் காற்றைப் பார்ப்பார். இரண்டு பேரும் பகல் முழுக்க ஒருவரையொருவர் வாரிக்கொண்டே வேலை செய்வார்கள். எனக்கு வானொலி தேவைப்பட்டதில்லை.

லாரி ஹீட்டரில் மந்திரம் ஒன்றுமில்லை. எஞ்சினைச் சுற்றி ஓடிச் சூடேறிய தண்ணீரில் கொஞ்சம் ஒரு ரப்பர் குழாய் வழியாக டேஷ்போர்டுக்குப் பின்னால் போகும். அங்கே ஒரு சின்ன ரேடியேட்டர் இருக்கும், கோர் என்போம். தண்ணீர் அதற்குள் சுற்றிவிட்டு இன்னொரு குழாய் வழியாக எஞ்சினுக்குத் திரும்பும். ஒரு விசிறி அந்தக் கோரின் மீது ஊதும். காற்று சூடாகிவிடும். ஆக, கோளாறு எங்கே என்று அறிய அந்த இரண்டு குழாயையும் பிடித்துப் பார்த்தால் போதும். போகிற குழாய் சுட்டு, வருகிற குழாய் குளிர்ந்திருந்தால் கோர் அடைத்திருக்கிறது. இரண்டும் சுட்டால் தண்ணீரில் குறையில்லை, காற்று போகும் வழியில்தான் குறை. இரண்டுமே அரைச்சூடாக இருந்தால் எஞ்சினிலிருந்தே சரியாகச் சூடு வரவில்லை.

இதில் காத்துக்காரருக்கு ஒரு கணக்கு உண்டு. எஞ்சினை இருபது நிமிஷம் ஓடவிட்டுக் குழாயை வலது கையால் இறுகப் பிடிப்பார். வாய்விட்டு எண்ணுவார். ஐந்துக்குள் கை தானாக விலகினால் நல்ல சூடு. பத்துவரை தாங்கினால் சுமார். இருபது தாங்கினால் அரைச்சூடு. இந்தக் கணக்கு தப்பி நான் பார்த்ததில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அந்தக் கொட்டகையில் 'ஒரு வண்டிக்கு ஒரு கை' என்று ஒரு சட்டம். வெகுகாலம் முன்பு ஒரு லாரிக்கு மூன்று பேர் கைவைத்து, மூன்று பேரும் மூன்று காரணம் சொல்லி, கடைசியில் கியர்பெட்டி வரை இறக்கிவிட்டார்கள். பார்த்தால் ஒரு ஃப்யூஸ் போயிருந்தது. அன்றைக்குக் காத்துக்காரர் போட்ட சட்டம் அது. கோளாறு பார்க்கிற கை ஒன்றுதான். அந்தக் கை சொல்கிறவரை வேறு யாரும் அந்த இடத்தைத் தொடக்கூடாது. பக்கத்துப் பட்டறைக்காரன் என்றாலும் நானும் அதற்குக் கட்டுப்பட்டவன். பல தடவை கை அரித்திருக்கிறது. சட்டைப்பைக்குள் விட்டுக்கொள்வேன்.

லாரி முதல் தடவை வந்தபோது அவர் குழாய்களைப் பிடித்து எண்ணியது எனக்குத் தகரம் வழியாகக் கேட்டது. "பதினெட்டு, பத்தொம்போது, இருபது." பிறகு அடுத்த குழாய். அதுவும் இருபது.

"ரெண்டு குழாயும் ஒரே சூடு," என்று தீர்ப்புச் சொன்னார். "அரைச்சூடு."

அப்படியென்றால் தெர்மோஸ்டாட். எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரைத் தடுத்து நிறுத்துகிற சின்ன வால்வு அது. திறந்தபடியே சிக்கிக்கொண்டால் தண்ணீர் சூடேறவே ஏறாது. புதிதாக மாற்றினார். நெட்டையருக்கு நேரமாகிவிட்டது. வெயிலில் நின்ற லாரியின் கேபினில் காற்று வெதுவெதுப்பாகத்தான் வந்தது. போதும் என்று கிளம்பிவிட்டார். மலையில் போதவில்லை.

இரண்டாம் தடவை வந்தபோதும் இரண்டு இருபது. காத்துக்காரர் குழாயைப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் நின்றார். ஹீட்டருக்குத் தண்ணீர் விடுகிற வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்தார். கேபிளை இழுத்துக் கட்டினார். தண்ணீரில் காற்று அடைத்திருக்குமோ என்று லாரியின் மூக்கை மேட்டில் ஏற்றி நிறுத்திக் காற்றை வெளியேற்றினார். ஒன்றும் மாறவில்லை.

ஒரு விஷயம்தான் இடித்தது. டேஷ்போர்டில் இருக்கிற வெப்ப மீட்டர் முள் சரியாக நடுவில் நின்றது. எஞ்சின் போதிய சூட்டில் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். "மீட்டர் பொய் சொல்லுது," என்றார் காத்துக்காரர். மீட்டர் மச்சினனின் இலாகா. ரோஷத்தோடு அதன் சென்சாரை மாற்றினார். முள் அதே நடுவில் வந்து நின்றது.

மச்சினன் கொஞ்சம் யோசித்துவிட்டுப் போய், ஒரு சின்னத் துப்பாக்கியோடு திரும்பி வந்தார். விசையை அழுத்தினால் சிவப்புப் புள்ளி விழும். புள்ளி விழுந்த இடத்தின் சூடு எண்ணாகத் தெரியும். அதை வாங்கி ஆறு மாதமாகிறது. அத்தானுக்குப் பிடிக்காது என்று இழுப்பறையிலேயே கிடந்தது.

"ஒரு வண்டிக்கு ஒரு கைதானே சட்டம்?" என்றார். "இதுக்குக் கையே இல்ல அத்தான்."

போகிற குழாயில் புள்ளியை வைத்தார். எண்பத்து நாலு. வருகிற குழாயில் வைத்தார். நாற்பத்தொன்று.

காத்துக்காரர் மறுபடி இரண்டையும் பிடித்து எண்ணினார். இருபது, இருபது. துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் எதையும் சோதிக்காமல் தள்ளுகிறவர் இல்லை. கொட்டகையில் தேநீருக்கு ஒரு ஸ்டீல் கெட்டில் உண்டு. தினமும் காலையில் அவரே அதைத் தேய்த்து முகம் பார்க்கிற மாதிரி வைத்திருப்பார். அடுப்பில் ஏற்றித் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்தார். மூக்கிலிருந்து ஆவி சீறுகிறது. எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்திக் கெட்டிலின் வயிற்றில் சிவப்புப் புள்ளியை வைத்தார். முப்பத்தேழு.

"கொதிக்கிற தண்ணிக்குக் காய்ச்சல்கூட இல்லையாம்," என்றார். "மாப்ளே, இதக் கொண்டுபோய்க் கொழந்தைக்கு வெளையாடக் குடு."

நானும் கண்ணால் பார்த்தேன். முப்பத்தேழுதான். மச்சினன் துப்பாக்கியைப் பழையபடி இழுப்பறையில் போட்டார். கருவி பொய், மீட்டர் பொய். மீதி இருந்தது கை. அந்தக் கை சொன்னபடி காத்துக்காரர் வாட்டர் பம்பையும் மாற்றி, லாரியை அனுப்பினார். அந்த வாரம்தான் பாறை கண்ணாடியை எடுத்துக்கொண்டது.

ஆக, மூன்றாவது செவ்வாய்க்கிழமை. பானட் திறந்திருக்கிறது, எஞ்சின் ஓடுகிறது. காத்துக்காரர் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இருபதோடு நிறுத்தவில்லை, முப்பதுவரை எண்ணினார். அடுத்ததையும் முப்பது. பிறகு பானட்டின் விளிம்பில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு எஞ்சினைப் பார்த்தார். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் என்பார்களே, அதில்கூடக் காடு என்று ஒன்று தெரியும். அவருக்கு அதுவும் இல்லை. மாற்ற வேண்டியதையெல்லாம் மாற்றியாயிற்று. தெர்மோஸ்டாட் புதிது, வால்வு புதிது மாதிரி, பம்ப் புதிது. இருந்தும் எஞ்சினிலிருந்து சூடு வரவில்லை. சூடே வராத எஞ்சின் எப்படி மலையேறுகிறது?

மத்தியானம் தகரத்தைத் தட்டி என்னைக் கூப்பிட்டார். இருபத்திரண்டு வருஷத்து எஞ்சின் தேய்ந்துபோனால் சூடு குறையுமா என்று கேட்டார். எனக்குத் தெரிந்து குறையாது, கூடத்தான் செய்யும் என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி வந்து அதே கேள்வியைக் கேட்டார். முப்பத்தொரு வருஷத்தில் அவர் என்னிடம் ஒரு கேள்வியை இரண்டு தடவை கேட்டதில்லை.

நானும் குழம்பித்தான் இருந்தேன். கோரை ஒருமுறை கழற்றி என்னிடம் கொடுத்தால் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. ஆனால் இரண்டு குழாயும் ஒரே சூடு என்று கை சொல்லிவிட்டதே. அடைப்பு இருந்தால் அப்படி இருக்காது. இது நானே நூறு தடவை சொன்ன பாடம். வாயை மூடிக்கொண்டேன். என் கை சட்டைப்பைக்குள்தான் இருந்தது.

அன்று பொழுது சாய்வதற்கு முன்பே அவர் வீட்டுக்குக் கிளம்பினார். போகும்போது அவரது இடது செருப்பு கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டது. அவர் தெருமுனை வரை ஒற்றைச் செருப்போடு நடந்துகொண்டிருந்தார். கவலையில் கால் எங்கே போகிறது என்று தெரியவில்லை என்று நினைத்து மச்சினன் சிரித்துக்கொண்டே ஓடிப்போய்க் கொடுத்தார். அந்த மாதத்தில் அது இரண்டாவது தடவை. நானும்தான் சிரித்தேன்.

வீட்டில் நடந்ததை அவர் மனைவி பிறகு என்னிடம் சொன்னார். அந்தம்மா வீட்டு முன்னறையில் இரண்டு விடுதிகளுக்குத் துணி தேய்த்துக் கொடுக்கிறவர். அன்றைக்குத் தலையணை உறை நூற்றிருபது. கணவர் வந்து எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, தேய்த்த உறைகளை எண்ணி அடுக்க ஆரம்பித்தார். பதினொன்றாவது உறையில் ஒரு ஈரக்கறை இருந்தது. பன்னிரண்டாவதிலும் இருந்தது. அந்தம்மா அவர் வலது கையைப் பிடித்துத் திருப்பினார். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். இரண்டு உடைந்து நீர் வடிந்துகொண்டிருந்தது.

"இது எப்ப சுட்டுச்சு?"

"எது?"

அவர் தன் கையை யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தாராம். தெரியவில்லை என்றார். வலிக்கவில்லை என்றார். அந்தம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். கணவரைக் கண்ணை மூடச் சொன்னார். இந்த நேரத்தில் என்ன விளையாட்டு என்று முணுமுணுத்துக்கொண்டே மூடினார். அந்தம்மா, அப்போதுதான் தேய்த்து முடித்த ஓர் உறையைச் சூட்டோடு மடித்து அவர் வலது கையில் வைத்தார். காலையில் தேய்த்து அடுக்கின் அடியில் ஆறிக்கிடந்த ஒன்றை எடுத்து இடது கையில் வைத்தார்.

"எது சூடு?"

அவர் இரண்டையும் அழுத்திப் பார்த்தார். கைமாற்றிப் பார்த்தார். மனதுக்குள் எண்ணவும் செய்தார், உதடு அசைந்ததாம்.

"ரெண்டும் ஒரே சூடு," என்றார்.

அந்தம்மா சூடான உறையை எடுத்து அவர் கன்னத்தில் வைத்தார். அவர் துள்ளிக் கண்ணைத் திறந்தார்.

ஒன்பது வருஷமாக அவருக்குச் சர்க்கரை. மாத்திரையை மறக்காமல் போடுகிறவர்தான், ஆனால் டாக்டரைப் பார்த்து வெகுநாளாயிற்று. நாளைக்குக் காலையில் முதல் வேலையாக ஆஸ்பத்திரி என்றார் அந்தம்மா. நாளைக்கு லாரி என்றார் அவர். கையே போய்விட்டது, லாரி என்ன லாரி என்று அந்தம்மா சத்தம் போட்டார். வியாழன் காலையில் நெட்டையர் தலையை வெளியே நீட்டிக்கொண்டு போவார், அப்புறம் எனக்குக் கை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்றாராம். கடைசியில், லாரி கிளம்பியதும் ஆஸ்பத்திரி என்று முடிவாயிற்று. அந்தம்மா கொப்புளத்தைக் கழுவிக் கட்டுப்போட்டுவிட்டார்.

புதன்கிழமை காலை கட்டுப்போட்ட கையோடு வந்தவர் ஒரு விளக்கமும் சொல்லவில்லை. எஞ்சினை ஓட்டச் சொன்னார். இருபது நிமிஷம் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். பிறகு, "மாப்ளே, நீ கை வை," என்றார்.

"எங்க?"

"கொழாய்ல."

மச்சினன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "இது நீங்க கை வெச்ச வண்டி அத்தான்," என்றார்.

"தெரியும். வை."

மச்சினன் போகிற குழாயைப் பிடித்தார். மூன்று எண்ணுவதற்குள் கையை உதறிக்கொண்டு வாயில் வைத்தார். வருகிற குழாயைப் பிடித்தார். பிடித்தபடியே நின்றார். முகம் என்னவோ போலாகிவிட்டது.

"இதப் பிடிச்சிட்டே தூங்கலாம் அத்தான்," என்றார் மெதுவாக.

காத்துக்காரர் என் பக்கம் திரும்பினார். "நீயும் பாருப்பா. ஒத்தக் கைய நம்பி மூணு வாரம் போச்சு."

என் கை பையிலிருந்து வெளியே வந்தது. ஒன்று நெருப்பு, ஒன்று ஆறிய தேநீர். சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். துப்பாக்கி சொன்னது அப்படியே சரி. அவர் கட்டை அவிழ்த்து உள்ளங்கையைக் காட்டினார். சாலையோரக் கல்லிலிருந்து எழுந்து வந்திருந்த நெட்டையர் அதைப் பார்த்துவிட்டு, தன் உள்ளங்கையையும் ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

அப்புறம் வேலை ஓடியது. மச்சினன் டேஷ்போர்டைப் பிரித்தார். எந்த ஆணிக்குப் பிறகு எந்த ஆணி என்று காத்துக்காரர் பக்கத்தில் நின்று சொன்னார். கோர் என்னிடம் வந்தபோது மணி பதினொன்று. ஒரு பக்கம் குழாய்த் தண்ணீரை விட்டேன். மறுபக்கம் சொட்டுமருந்து மாதிரி சொட்டியது. திருப்பிப் பிடித்து, தண்ணீரும் காற்றும் மாற்றி மாற்றிக் கொடுத்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு இருமல் மாதிரி ஒரு சத்தம். கரகரவென்று பழுப்புச் சேறு கொட்டியது. அதில் செம்பு நிறத்தில் மின்னுகிற துகள் இருந்தது. ரேடியேட்டர் ஒழுகினால் அவசரத்துக்குக் கொட்டுகிற பொடி அது. ஓட்டையை அடைக்கும், அதோடு நிற்காது, சந்து கிடைத்த இடத்தையெல்லாம் அடைக்கும்.

நான் நெட்டையரைப் பார்த்தேன். அவர் மேகத்தைப் பார்த்தார்.

"வெயில் காலத்துல வழியில ஒழுகிச்சு," என்றார். "ஒரு பாக்கெட் போட்டேன்."

"ஒண்ணா?"

"மூணு."

மூன்று வாரமாக ஏன் இதைச் சொல்லவில்லை என்று மச்சினன் பிடித்துக்கொண்டார். யாரும் கேட்கவில்லையே என்றார் நெட்டையர். அதுவும் நியாயம்தான். தண்ணீரில் ஓட்டம் இருக்கிறது என்று நம்பியவர்கள் அடைப்பைப் பற்றி எதற்குக் கேட்கப்போகிறார்கள்?

நாலு மணிக்குக் கோர் பழைய இடத்தில் உட்கார்ந்தது. இனி சோதனை. போன தடவைகளைப்போல வெயிலில் வெதுவெதுப்பைப் பார்த்து அனுப்பமுடியாது. மலையைக் கொட்டகைக்குக் கொண்டுவர வேண்டும் என்றார் காத்துக்காரர். லாரியை நிழலில் நிறுத்தச் சொன்னார். முன்கண்ணாடிக்கு வெளியே பக்கத்து ஐஸ் கடையிலிருந்து இரண்டு கட்டி கொண்டுவந்து துணியில் சுற்றிச் சாத்தினோம். கெட்டிலைக் கொதிக்கவைத்துக் கேபினுக்குள் காலடியில் வைத்துக் கதவை மூடினோம். ஐந்து நிமிஷத்தில் கண்ணாடி பாலாக வெளுத்துவிட்டது.

அதற்கு முன்னால், கெட்டிலைக் கொண்டுபோகும்போது மச்சினன் விளையாட்டாகத் துப்பாக்கியை அதன் மேல் நீட்டினார். தொண்ணூற்று மூன்று என்றது. நின்றுவிட்டார். கெட்டிலைத் திருப்பினார். முப்பத்தேழு. மறுபடி திருப்பினார். தொண்ணூற்று மூன்று. அடுப்புப் புகை ஏறிக் கறுத்திருந்த அடிப்பக்கம் சரியாகக் காட்டுகிறது. தேய்த்துப் பளபளக்கிற வயிறு பொய்யாகக் காட்டுகிறது. ஏன் என்று எனக்கு இன்றைக்கும் முழுதாகப் புரியவில்லை. பளபளப்பு அதை ஏமாற்றிவிடுகிறது என்பது மட்டும் தெரிகிறது. கறுப்பு ரப்பர் குழாயில் அதற்கு ஒரு குழப்பமும் இல்லை.

"நான் தெனம் தேச்சு வெச்ச லட்சணம்," என்றார் காத்துக்காரர்.

நெட்டையர் ஓட்டுநர் இருக்கையில் மடங்கி உட்கார்ந்தார். காத்துக்காரர் பக்கத்து இருக்கையில். நான் படியில் தொற்றிக்கொண்டிருந்தேன். எஞ்சின் சூடேறியதும் காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பி விசிறியைப் போட்டார்கள். காத்துக்காரர் பழக்கத்தில் இடது கையைக் காற்று வரும் துளைமேல் வைத்தார். எதிரே வெள்ளைக் கண்ணாடியைப் பார்த்தபடி கேட்டார்.

"சூடா வருதா?"

நெட்டையருக்குப் புரியவில்லை. "உங்க கைதானே அண்ணே அங்க இருக்கு," என்றார். சொன்ன பிறகுதான் புரிந்தது. உடனே தன் நீண்ட கையை அவர் கைக்குப் பக்கத்தில் வைத்தார். "வருது அண்ணே. நல்லாவே வருது."

காத்துக்காரர் தலையாட்டவில்லை. கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அடி விளிம்பில் ஒரு கறுப்புக் கோடு தோன்றியது. கோடு பட்டையாயிற்று. பட்டை மேலே ஏறியது. அதற்குள் முதலில் பனிக்கட்டியின் துணி தெரிந்தது, பிறகு கொட்டகைத் தூண், பிறகு மச்சினனின் வயிறு, கடைசியில் அவர் முகம். எல்லாம் தெரிந்த பிறகுதான் துளையிலிருந்து கையை எடுத்தார்.

வியாழக்கிழமை விடிந்ததும் லாரி போயிற்று. அவர் மனைவி சொன்னபடி கொட்டகை வாசலில் காத்திருந்து அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்விட்டார். டாக்டர் அவர் கால் விரல்களை ஒரு நைலான் இழையால் தொட்டுத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டாராம். பல இடத்தில் தெரியவில்லை. சர்க்கரையால் நரம்பு மரத்துப்போவது காலில் ஆரம்பித்துக் கைக்கு வந்திருக்கிறது என்றார். செருப்பு கழன்றதே தெரியாமல் அவர் நடந்ததற்கு நாங்கள் சிரித்த சிரிப்பு எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது.

மத்தியானம் அவர் திரும்பி வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் நெட்டையரின் போன். மச்சினன் ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, உச்சிக்கு வந்துட்டேன். கோட்டக் கழட்டிட்டுதான் ஓட்டுறேன். வேர்க்குது. இதக் கொறைக்க எந்தக் கைப்பிடியத் திருப்பணும்?"

இடது பக்கம் இருப்பதைத் திருப்பச் சொன்னார் காத்துக்காரர். போனை வைத்ததும் மச்சினன் சிரித்தார், நானும் சிரித்தேன். அவரும் சிரித்தார். ஆனால் சிரித்து முடிப்பதற்குள் யோசனையில் விழுந்துவிட்டார்.

"இந்தக் கை எப்பலேர்ந்து இப்படி?" என்று கேட்டார். எங்களைப் பார்த்துக் கேட்டாரா, கையைப் பார்த்துக் கேட்டாரா, தெரியவில்லை.

அந்தக் கேள்விதான் அவரை இன்னும் விடவில்லை. போன குளிர் காலத்தில் அவர் கைவைத்த லாரிகள் ஒவ்வொன்றையும் சாலையில் போகும்போது மறித்து நிறுத்துகிறார். ஹீட்டர் சரியாக வேலை செய்ததா என்று ஓட்டுநர்களைக் கேட்கிறார். நன்றாக இருந்தது என்றால் அவர்கள் நினைப்பதுபோல மகிழ்வதில்லை. எந்த மாதம் என்று கேட்கிறார். குழம்பிப்போய் அவர்கள் என் பக்கம் திரும்பி, அண்ணனுக்கு என்னாச்சு என்று சைகையில் கேட்பார்கள். ஒரு கோளாற்றைத் தேடுகிற மாதிரிதான் தேடுகிறார். இந்த லாரிவரை கை சரியாக இருந்தது, அந்த லாரியில் சரியில்லை, நடுவில் எது? இதுவரை சுருக்கிக் கொண்டுவந்ததில் ஒரு தண்ணீர் லாரிக்கும் ஒரு சிமென்ட் லாரிக்கும் நடுவே ஏழு வாரம் மிச்சமிருக்கிறது. தண்ணீர் லாரி சரியாக இருந்தது. சிமென்ட் லாரிக்காரர் தான் ஹீட்டரையே போடுவதில்லை என்கிறார்.

கொட்டகையின் சட்டம் மாறிவிட்டது. எழுதிப் போடவில்லை, அவரே வாயால் சொன்னார்: ஒரு வண்டிக்கு ரெண்டு கை. முதல் கை மச்சினனுடையது, இரண்டாவது என்னுடையது. காத்துக்காரர் துப்பாக்கியைப் பிடித்துக்கொள்கிறார். பளபளக்கிற இடத்தில் முதலில் ஒரு துண்டுக் கறுப்பு டேப் ஒட்டிவிட்டுத்தான் புள்ளியை வைக்கிறார். நாங்கள் இரண்டு பேரும் எண்ணி முடித்துக் கையை உதறியதும் அவர் எண்ணைப் படிக்கிறார். மூன்றும் ஒத்துப்போனால் "சரி" என்கிறார். ஒத்துப்போகாவிட்டால் ஸ்பேனரை யாரும் எடுக்கக்கூடாது. போன வாரம் ஒரு வண்டியில் ஒத்துப்போகவில்லை. இன்னும் மூன்று பேரும் அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறோம்.